கூரை கழுவும் மழை

லிந்துலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயங்கள் நான்கு, தண்ணீர் பிடிக்கப் பீலி ஒன்றே ஒன்று. நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, குடத்தோடு வரிசையில் நிற்க என்னால் முடியாது. மழையோ என் கூரையிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. டவுன் கடையில் தேங்காயெண்ணெய் வந்த பழைய பீப்பாயை வாங்கி வாசலில் நிறுத்தினேன். மூங்கிலைப் பிளந்து, கணுக்களைத் தட்டியெடுத்து, தகரக் கூரையின் ஓரத்தில் கயிற்றால் கட்டினேன்.

முதல் மழையிலேயே பீப்பாய் நிறைந்தது. தண்ணீர் முழுக்கக் கரி. எங்கள் அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது; புகையெல்லாம் இடுக்குகளில் வெளியேறித் தகரத்தின் மேல்தான் படியும். லயத்தில் அடுத்த அறையான பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, சாயத்தண்ணி போட்டு வச்சிருக்கீங்களா?" என்று சிரித்தாள்.

நான் விடுகிற ஆளா? அந்தக் கரித்தண்ணீரைக் கொட்டிவிட்டு, முதலில் மழையே கூரையைக் கழுவட்டும் என்று முடிவெடுத்தேன். ஆனால் மழை தொடங்குவது பகலில். அப்போது நான் மலையில் நிற்பேன். அதனால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போதே மூங்கிலின் முனையைப் பீப்பாயை விட்டுத் தள்ளி வைத்தேன். சாயங்காலம் வந்து திருப்பி வைத்தேன். அதற்குப் பிறகு விழுந்த தண்ணீரில் என் முகம் தெரிந்தது.

அடுத்த வாரம் மலையில் பெருமழை. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து கனக்க, எல்லாரும் மழையைத் திட்டினார்கள்.

"பெய்யட்டும் விடுங்க, கூரை இன்னும் கழுவி முடியல" என்றேன்.

பக்கத்து நிரையில், அன்று சிரித்தவள்தான் நின்றாள். கொழுந்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஆமாக்கா, எங்க மூங்கிலையும் தள்ளி வச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."