சாணை பிடித்த குட்டை வாள்

நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பழைய வாள்கள் சேகரிப்பது என் பித்து. பரமத்தி வேலூர் பக்கம் ஒரு வீட்டில் பீரங்கிப் படை வீரரின் குட்டை வாள் இருப்பதாக, அந்த வீட்டுப் பெண்ணே ஆள்மூலம் சொல்லியனுப்பியிருந்தார். போன மாசியில் போனேன். அவருடைய கணவரின் முன்னோர் ஒருவர் வெள்ளைக்காரர் படையில் பீரங்கி சுட்டவராம்.

பித்தளைக் கைப்பிடி அப்படியே இருந்தது.

"இதுல ஆள வெட்டுனது கம்மிங்க. பீரங்கி போறதுக்கு முள்ளு, பொதரத்தான் வெட்டுவாங்க" என்று உற்சாகமாக விளக்கினேன். ஆனால் வாளின் விளிம்பு புதிதாகத் தீட்டப்பட்டிருந்தது. அருமையான பழம்பொருளைக் கெடுத்துவிட்டார்களே என்று எரிச்சல் வந்தது.

"யாருங்க இதுக்குச் சாணை புடிச்சது?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

அந்தப் பெண் கையை மூடியிருந்த முந்தானையை விலக்கினார். இடது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

"சோளத்தட்டு வெட்டற மெசின்ல சிக்கிருச்சுன்னு ஆஸ்பத்திரியில சொல்லச் சொன்னாருங்க. கரூர் போயிருக்காரு. அவரு வாரதுக்குள்ள எடுத்துட்டுப் போயிருங்க."

"வந்து கேட்டா?"

"அடிப்பாருங்க. ஆனா கையில இது இருக்காதுல்லங்க."

போலீசுக்குப் போகலாம் என்றேன். அம்மா வீட்டிலாவது கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரம் என்று மறுத்துவிட்டார்.

எந்த வாள் எந்தப் படையுடையது என்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அதற்கு எதிரே நின்றது யார் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. அந்த வீட்டிலிருந்து என்னால் வெளியே கொண்டுவர முடிந்தது வாளை மட்டும்தான்.