ஐந்து எண்ணும்வரை

அந்தக் கல்வியியல் கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவளுக்கு வயது நாற்பதை எட்டிப் பார்க்கிறது. கூடப் படிப்பவர்களுக்கோ இருபத்திரண்டு, மிஞ்சிப்போனால் இருபத்துமூன்று. முதல் நாளே 'அக்கா' என்பது ஒட்டிக்கொண்டது. வாசலில் இருக்கும் காவலாளிக்கு அறுபது வயது; அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

படிப்பில் அக்காவைக் குறை சொல்ல முடியாது. எழுத்துத் தேர்வு என்றால் வெளுத்து வாங்கிவிடுவாள். பாடத்திட்ட நோட்டை அவளைப் போல அங்கே யாரும் எழுதுவதில்லை. இடது பக்கம் ஆசிரியர் செய்ய வேண்டியது, வலது பக்கம் மாணவர் செய்ய வேண்டியது, நடுவில் சிவப்பு மையில் ஒரு கோடு. கோடு அடிஸ்கேலுக்கே பாடம் சொல்லும். கூடப் படிக்கும் பெண்கள் அந்த நோட்டை இரவல் வாங்கிப்போய்ப் பார்த்து எழுதி, தேறி, பள்ளிக்கூடம் போக அனுமதியும் வாங்கிவிட்டார்கள். நோட்டின் சொந்தக்காரிக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். ஆசிரியர் பயிற்சிக்குப் படிப்பவர்களை நேரே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட மாட்டார்கள். முதலில் கல்லூரியிலேயே ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். சக மாணவர்கள் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பார்கள். விரிவுரையாளர் கடைசி வரிசையில் இருந்து மதிப்பெண் போடுவார். மொத்தம் மூன்று வாய்ப்பு. அக்கா இரண்டைத் தொலைத்துவிட்டாள். மூன்றாவது வரும் வெள்ளிக்கிழமை. அதிலும் கோட்டை விட்டால் இந்த வருடம் பள்ளி இல்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இல்லை. இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பது விதி. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஒரு வருடம் ஏற்கெனவே போய்விட்டது. வெள்ளிக்கிழமை தோற்றால் நோட்டு, கோடு, சிவப்பு மை எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவள் தோற்றதற்குக் காரணம் குரல் நடுக்கமோ மறதியோ இல்லை. விரிவுரையாளர் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பார். அக்காவைவிட எட்டு வயது சின்னவர். ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றினாலே வகுப்பில் எல்லோரும் நோட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார்கள். இரண்டாவது தடவை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினாலு கேள்வி கேட்டீங்க. பதினாலுக்கும் நீங்களே பதில் சொன்னீங்க. ஒரு செகண்டுகூட நிக்கலை. அப்புறம் பிள்ளைங்க எதுக்கு? அவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு நீங்களே பேசிட்டு இருக்கலாமே."

"யாரும் பதில் சொல்லலையே மேடம்."

"சொல்ல விட்டாத்தானே சொல்லுவாங்க? கேள்வி கேட்டா குறைஞ்சது அஞ்சு எண்ணணும். நூறு தடவை சொல்லியாச்சு."

வினா கேட்டல் என்ற கட்டத்தில் பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் கையெழுத்துக்காகப் போட்டிருப்பார் போலிருக்கிறது.

அக்காவின் மேல் பழியைப் போடுவதற்கு முன்னால் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் படிப்புக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தடுப்பு, அதில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு அந்தப் பக்கம் மனுஷ முகங்கள். மேற்பார்வையாளர் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். "கவுன்டர்ல ஆள் நின்னா நம்ம வாய் நிக்கக் கூடாது" என்பது அவர் மந்திரம். ஒருவர் பத்து விநாடி நின்றுவிட்டால் அன்றைக்குத் திட்டு உறுதி. போகப் போக அக்காவுக்குக் கேள்வியே தேவைப்படாமல் போனது. கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தால் "ரெண்டாவது மாடி, இடது பக்கம்." புதுத் துணியும் பழைய பிளாஸ்குமாக ஓடி வந்தால் "பிரசவ வார்டு பின்கட்டிடம், லிப்ட் இல்ல, மெதுவாப் போங்க." வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் பதில் வாசலைத் தாண்டியிருக்கும். ஆஸ்பத்திரியே அவளைக் கொண்டாடியது. அப்பேர்ப்பட்டவளைக் கூப்பிட்டு, கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நில் என்றால் எப்படி நிற்பாள்? அமைதி வந்தால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. யாரோ முதுகுக்குப் பின்னால் நடக்கிற மாதிரி இருக்கிறது.

திங்கள் முதல் அவள் காத்திருக்கப் பழக ஆரம்பித்தாள். முதலில் மாட்டியவர் கணவர். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர், பாவம், காலையில் சட்டை தேடிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இன்னிக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக "ஏழு ஆயிடும், தெரியும்" என்று அவளே முடித்துவிடுவாள். அன்றைக்கு முடிக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று.

அவர் சட்டையை விட்டுவிட்டுத் திரும்பினார். "என்ன? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"ஒண்ணுமில்ல. பதில் சொல்லுங்க."

"நேத்து லேட்டானதுக்கா? அந்த வீட்டுக்காரர் கடைசி நேரத்துல இன்னும் ரெண்டு பாயின்ட் வேணும்னுட்டார். சத்தியமா!"

மனிதர் கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். செவ்வாய்க்கிழமை தெருவில் ஒருவர் தபால் நிலையத்துக்கு வழி கேட்டார். இதுவும் பயிற்சிதானே என்று அக்கா வாயை இறுக்கி மூடி ஐந்து எண்ணினாள். அவர் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எதிரே இருந்த சைக்கிள் கடைக்காரரிடம் போய்விட்டார். அக்கா பின்னாலேயே ஓடி வழி சொன்னாள்.

கேட்க வேடிக்கையாக இருக்கிறது. அவளுக்கு அப்படி இல்லை. புதன்கிழமை கண்ணாடி முன் நின்று கேள்வி கேட்டுப் பார்த்தாள். மூன்று எண்ணுவதற்குள் உதடு தானாகத் திறந்தது. மறுபடி கேட்டாள், மறுபடி திறந்தது. இருபது தடவை. கடைசியில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இத்தனை வயசுக்கு மேல் எதற்கு இந்த ஆசை, பேசாமல் அந்த ஓட்டைக்குப் பின்னாலேயே இருந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அவள் இடத்தில் இப்போது ஒரு தொடுதிரை இயந்திரம் நிற்கிறது. திரும்பிப் போவதற்கும் வழி இல்லை.

மகளை வைத்துப் பழகியிருக்கலாம். எட்டாம் வகுப்பு படிக்கிறாள், கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறாள். ஆனால் கணக்கு என்று அம்மா வாயெடுத்தாலே அவளுக்குத் தலைவலி, பல்வலி, வரைய வேண்டிய வரைபடம் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். இந்த வயசுப் பிள்ளைகள் அப்படித்தான் என்று அக்கா விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பாடம் பின்னங்கள். அட்டையில் வட்டம் வெட்டி, மூன்றாகவும் நான்காகவும் பிரித்து, பின்பக்கம் காந்தம் ஒட்டி வைத்திருந்தாள். குட்டி பெஞ்சுகளில் பதினெட்டுப் பேர். அவர்கள் முகத்தில் ஏதோ ஒரு திருட்டுக் களை தெரிந்தது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"ஒரு வட்டத்தை மூணு சமபாகமாப் பிரிச்சா, ஒரு பாகத்தை எப்படிச் சொல்லுவோம்?"

"மூன்றில் ஒன்று!" பதினெட்டுப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அடுத்த கேள்வி. அதற்கும் அப்படியே, கேள்வியின் வால் முடிவதற்குள் பதில். அவர்கள் முந்தின நாளே கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள்: அக்காவுக்கு அமைதி ஆகாது, அதனால் நாளைக்கு அமைதியே வரக் கூடாது. அன்பு என்றால் இதுதான். இதைவிடப் பெரிய கெடுதலை ஒரு விரோதிகூட அவளுக்குச் செய்திருக்க முடியாது. நான்காவது கேள்வியில் விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் எழுந்து வெளிய போங்க."

முகத்தில் ஈயாடாமல் பதினெட்டுப் பேரும் எழுந்து போனார்கள். கடைசியாகப் போன பெண் வாசலில் நின்று, "மேடம், அக்கா மேல தப்பு இல்ல" என்றாள். கதவு சாத்தப்பட்டது. விரிவுரையாளர் முன் பெஞ்சில் வந்து, அந்தச் சின்ன இடத்தில் உடம்பை மடக்கி உட்கார்ந்தார். ஸ்டாப்வாட்சைப் பக்கத்தில் வைத்தார்.

"நடத்துங்க. நான்தான் உங்க கிளாஸ்."

அக்கா இரண்டு அட்டைத் துண்டுகளைப் பலகையில் ஒட்டாமல் கையில் மறைத்துப் பிடித்துக்கொண்டாள். "மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசா?"

விரிவுரையாளர் பதில் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து ஆகிவிட்டது, இன்னும் பதில் இல்லை. ஐந்துக்குப் பிறகு என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஆறு, ஏழு. உள்ளங்கையில் காந்தம் அழுந்தியது. பதில் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்தாள். கடவுளே, ஏதாவது சொல்லம்மா, எதையாவது சொல்லித் தொலை என்று மனசுக்குள் கெஞ்சினாள். பன்னிரண்டு வரை எண்ணினாள். அதற்கு மேல் எண்ணிக்கை குழம்பிவிட்டது.

"நாலுல ஒண்ணு" என்றார் விரிவுரையாளர், இழுத்து, ஒரு பத்து வயதுப் பிள்ளையைப் போல.

தப்பு என்று சொல்ல உதடு துடித்தது. அதை மென்று விழுங்கினாள். "ஏன் அப்படி நினைக்கறே?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேடத்தைப் போய் நீ என்று சொல்லிவிட்டோமே!

மேடம் கண்டுகொள்ளவில்லை. "மூணைவிட நாலு பெருசு. அதான்."

"அப்படியா? இந்தா, ரெண்டு துண்டையும் நீயே வெச்சுப் பாரு" என்று அட்டைகளை நீட்டினாள்.

விரிவுரையாளர் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். அக்கா நின்றாள், எண்ணவில்லை. பிறகு அவர் எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

"திங்கட்கிழமை எட்டரைக்கு ஸ்கூல்ல இருக்கணும். ஏழாம் வகுப்பு, நாப்பது பிள்ளைங்க. ஒவ்வொருத்தருக்கும் இப்படித்தான் நிக்கணும்." கதவுப் பக்கம் போனவர் திரும்பினார். "பதினேழு செகண்ட் நின்னீங்க."

வெளியே பதினெட்டுப் பேரும் போட்ட கூச்சலில் காவலாளி என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார்.

அன்று சாயங்காலம் அக்கா தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமைப் பாடம், பின்னங்களைக் கூட்டுவது. மேஜையில் நோட்டை விரித்தாள். கணவர் இன்னும் வரவில்லை. மகள் தண்ணீர் குடிக்க வந்தவள் அகப்பட்டுக்கொண்டாள்.

"உக்காரு, அஞ்சே நிமிஷம். நீ ஏழாம் வகுப்புப் பிள்ளை, நான் டீச்சர்."

"அம்மா, எனக்கு வேலை இருக்கு."

"ஒரே ஒரு கேள்வி. உனக்கு இதெல்லாம் தூசு. அரையும் மூணுல ஒண்ணும் கூட்டினா எவ்வளவு?"

கேட்டுவிட்டு நின்றாள். இப்போது அவளுக்கு அது கைவந்திருந்தது. மதியம் வரை உயிரை எடுத்த அமைதி ஒன்றும் செய்யவில்லை. ஐந்தைத் தாண்டி, பத்தைத் தாண்டி நின்றாள். மகள் தாளைப் பார்க்கவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லேம்மா."

அக்கா சிரித்தபடி தலையை ஆட்டினாள். "மாட்டேன். நீ சொல்லு."

மகளின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. "அஞ்சுல... ரெண்டா?"

மேலேயும் மேலேயும், கீழேயும் கீழேயும் கூட்டியிருக்கிறாள். அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. "எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பழகினபடி காத்திருந்தாள்.

"தெரியலம்மா." குரல் உடைந்தது. "எனக்கு எதுவுமே தெரியல. அஞ்சாங் கிளாஸ்லேர்ந்தே தெரியாது. ஹோம்வொர்க் அப்போ நீ பக்கத்துல உக்காருவே. நீயே கேப்பே, நீயே சொல்லிடுவே. நான் எழுதிப்பேன். நான் யோசிக்கறதுக்குள்ள பதில் வந்துடும்."

நாற்பது மதிப்பெண்ணைத் தாண்டாத பரீட்சைத் தாள்கள் ஒவ்வொன்றும் அக்காவுக்கு நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் 'கவனக்குறைவு' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டது அவள்தான். ஆசிரியை ஆகப் போகிறாளாம்! சொந்தப் பிள்ளையை நான்கு வருடம் வாய் திறக்க விடாதவள், ஊரார் பிள்ளைகள் நாற்பது பேருக்குப் பாடம் நடத்தப் புறப்பட்டுவிட்டாள்.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "திங்கட்கிழமை அந்த ஸ்கூல்ல, ஒருத்தி பதில் சொல்லலைன்னா அவ சொல்ற வரைக்கும் நிப்பியா?"

"நிப்பேன்."

"எவ்வளவு நேரம் ஆனாலும்?"

"ஆமாம்."

"அப்போ எனக்கு மட்டும் ஏம்மா நிக்கல?"

அக்கா பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தாள். மகள் எழுந்து போகவில்லை, கண்ணை எடுக்கவுமில்லை. அம்மா சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.