பக்கத்து வீட்டில் வேர் பிடித்த புளிச்சகீரை

மெரிலேண்ட்ஸில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்பக்கம் ஆறு புளிச்சகீரைச் செடிகள் இருந்தன. எழுபதுகளின் நடுவில் சிட்னி முழுக்கத் தேடினாலும் ஏழாவது செடி கிடைத்திருக்காது என்று அப்போது நம்பினேன். இப்போதும் அப்படித்தான். விதை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். சரி, கேட்டால்தான் என்ன? கடுகுப் பொட்டலத்துக்குள் ஒரு சிட்டிகை கலந்து கொண்டுவந்தேன். அந்த நாட்டுக்குள் விதை கொண்டுவரக் கூடாது, தப்புத்தான். கோபிச்செட்டிப்பாளையத்துக்காரிக்குப் புளிச்சகீரைக் கடைசல் இல்லாமல் சோறு இறங்காது என்று ஏர்போர்ட்டில் யாரிடம் போய் விளக்குவது?

அந்த ஜனவரியில் எனக்கு மூன்றாம் மாதம். மசக்கை என்றால் லேசுப்பட்ட மசக்கை இல்லை. பால், ரொட்டி, பழம் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. ரசத்தின் வாசனை பட்டாலே ஓட வேண்டியிருந்தது. உள்ளே தங்கியது புளிச்சகீரைக் கடைசலும் அதில் பிசைந்த சோறும் மட்டும். டாக்டர் வாரா வாரம் எடை பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இன்னும் குறைந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும், குழந்தைக்கும் நல்லதில்லை என்றார். முந்தைய வருஷம் ஒன்று இதே மூன்றாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. அதனால் காலையில் எழுந்ததும் நான் முதலில் போய்ப் பார்ப்பது அந்த ஆறு செடிகளைத்தான். ரொம்பப் பயந்து கிடந்தேன்.

இந்த லட்சணத்தில் யாரோ செடியின் கொழுந்துகளைத் திருட ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமை இரண்டு, வியாழக்கிழமை மூன்று என்று வாரா வாரம். பூச்சியோ எலியோ கடித்த கடி இல்லை. கணுவுக்குக் கீழே பிளேடால் சாய்வாக நறுக்கிய வெட்டு. தின்பதற்கு எடுக்கிறவர்கள் இலையைக் கிள்ளுவார்கள். இது நட்டு வளர்க்கிறவன் வெட்டுகிற வெட்டு. புளிச்சகீரையைத் திருடி நடுகிற வெள்ளைக்காரன் எவன் என்று எனக்கு மண்டை காய்ந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு இளைஞன் தனியாக இருந்தான். மெத்தை செய்யும் பேக்டரியில் வேலை. தலைமுடி என்னுடையதைவிட நீளம், காலில் செருப்பு கிடையாது. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, செடி நன்றாக வளர்கிறதே என்று பாராட்டி ஒரு கண்ணைச் சிமிட்டுவான். இவர்களுக்குத் தோட்டம் என்றால் உயிர் போலிருக்கிறது என்று நானும் சிரித்துவைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிட்னியிலேயே டூங்கபியில் இருந்த, நான் அக்கா என்று கூப்பிடுகிற சிநேகிதி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நர்ஸ். நான் அவருக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தபோது சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவான குரலில் கேட்டார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. உது கஞ்சாச் செடி எல்லோ?"

எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. ஓடிப் போய் ஒரு இலை பறித்துவந்து கடிக்கச் சொன்னேன். கடித்தார், முகம் சுருங்கியது. கீரை என்பதை ஒத்துக்கொண்டார். ஆனாலும் அந்த இலை ஐந்து விரலாகப் பிரிந்து, ஓரமெல்லாம் ரம்பம் போல இருப்பதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓம், புளிக்குது. ஆனா பொலிஸ்காரன் கடிச்சுப் பாத்தே பிடிக்கிறவன்? கவனம்."

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரன் கண் சிமிட்டியதற்கு அர்த்தம் விளங்கியது. அட பாவி! அவன் வீட்டுச் சலவை அறை ஜன்னலில் பகலெல்லாம் பச்சையாக ஏதோ தெரியும். கஞ்சா வளர்க்கிறவன், என்னையும் தன் கட்சி என்று நினைத்துக் கொழுந்தை வெட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

அக்கா போனபிறகு இதை என் வீட்டுக்காரரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெஸ்ட்மீட்டில் ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள், அங்கே கட்டடப் படம் வரைகிற வேலை அவருக்கு. ரோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தால், பிளாட்பாரத்தில் நடந்துகொண்டிருந்தாலும் நின்றுவிடுகிற மனுஷன். அவரிடம் போய் இதைச் சொன்ன என் வாயைத்தான் தைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் பின்கதவைத் திறந்தால் ஆறு குழிகள். செடி ஒன்றுகூட இல்லை. இவர் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, செடியெல்லாம் எங்கீங்க?"

"குப்பை வண்டி வந்துட்டுப் போயிருச்சு." என் முகத்தைப் பார்க்கவில்லை. "போலீஸ் வந்தா நம்ம விசா போயிரும், அதான்."

"போன வருஷம் போனது பத்தாதுங்களா?"

அவர் கட்டிய டையைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். புது விதை கைவசம் இல்லை, கொண்டுவந்த சிட்டிகை முழுவதையும் விதைத்தாகிவிட்டது. ஊரிலிருந்து வரவழைத்து முளைப்பதற்குள் நான் எலும்பும் தோலுமாகியிருப்பேன். அழுதேன். அழுகை பாதியிலேயே கோபமாக மாறியது. இரவு உடுத்தின கசங்கிய சேலையோடு பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். இவர் மூன்றடி தள்ளிப் பின்னாலேயே வந்தார்.

கதவைத் திறந்தவன், சேலைகட்டிய பெண்ணையும் டை கட்டிய ஆளையும் பார்த்ததும், போலீஸில் சொல்லப்போகிறார்கள் என்று வெளுத்துப் போனான். என் செடியிலிருந்து வெட்டினாயே, அதையெல்லாம் திருப்பிக் கொடு, வேறு எதுவும் வேண்டாம் என்றேன். சலவை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

ஒரு பலகையில் அவனுடைய சொந்தக் கஞ்சாச் சரக்கு. பார்க்கச் சகிக்கவில்லை. வெட்டி நட்ட சில துண்டுகள் தலை தொங்கிக் கிடந்தன. சில அடித்தண்டு கறுத்து அழுகியிருந்தன. பிளாஸ்டிக் பை போட்டு மூடியவை வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருந்தன. பூ விட்ட கிளைகளை வெட்டி நட்டவை மாசக் கணக்கில் அப்படியே குந்தியிருந்தன. போலீஸ் பயத்திலும் அவனுக்குப் புலம்பாமல் இருக்க முடியவில்லை. தண்ணீர் விட்டால் அழுகுகிறது, விடாவிட்டால் வாடுகிறது, மூடினால் பூஞ்சணம், திறந்தால் சருகு.

எதிர்ப் பலகையில் பதினான்கு ஜாம் டப்பாக்கள். பதினான்கிலும் என் புளிச்சகீரை, புதுக் கொழுந்தோடு நிமிர்ந்து நின்றது.

தான் நட்டதிலேயே இதுதான் உசத்தி என்றான். ஒரே வாரத்தில் வேர் விடுகிறதாம், இந்தியச் சரக்குக்கு ஈடே இல்லையாம். அது கீரை என்றேன். அவன் நம்பவில்லை. காயவைத்து நண்பர்களோடு புகைத்தாகிவிட்டது, அதில் ஒருவனுக்குச் சுவரெல்லாம் வண்ணம் வண்ணமாகத் தெரிந்தது என்று சத்தியம் செய்தான். நான் ஒரு டப்பாவிலிருந்து இலையைக் கிள்ளி அவன் கண்ணெதிரிலேயே மென்றேன். அன்றைக்கு முதன்முதலாக வாயில் வைத்தது அதுதான். குமட்டவில்லை. இன்னொன்று கிள்ளி அவனிடம் கொடுத்தேன். மென்று முடித்துத் தலையைச் சொறிந்தான். வண்ணம் பார்த்தவனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவன் கவலை.

பிறகு, என்னுடையது செத்து உன்னுடையது ஏன் பிழைக்கிறது என்று கேட்டான். இது சும்மா குச்சியைச் சேற்றில் ஊன்றினாலே வரும் என்றேன். அவன் விடவில்லை. தினமும் பிடுங்கி வேர் வந்ததா என்று பார்த்துவிட்டுத் திரும்ப நடுவதாகவும் சொன்னான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எடுத்து எடுத்துப் பார்த்தால் எது வேர் பிடிக்கும் என்று திட்டினேன்.

இவர் இதற்குள் அந்தப் பக்கத்துப் பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஜக் கஞ்சாவை வாழ்க்கையில் அன்றுதான் பார்க்கிறார். வேர்த்துக் கொட்டியது. ஓடிவிடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை. குனிந்து இரண்டு டப்பாக்களை மார்போடு அணைத்துக்கொண்டார். பட்டப்பகலில், தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருக்கும்போது, அந்த டையோடு ஏழு நடை நடந்து பதினான்கையும் வீடு சேர்த்தார். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

ஒவ்வொரு டப்பாவிலும் இரண்டு இலை கிள்ளினேன். ஒரு கைப்பிடி தேறியது. வேகவைத்து, பச்சை மிளகாயும் பூண்டும் போட்டுக் கடைந்து, சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன். இவர் எதிரே நாற்காலி போட்டு, மடியில் வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் தீரவில்லை. கால்மணி நேரம் போனது. அரைமணி நேரம் போனது.

"தங்கிருச்சா?"

"ம்."

வாளியை வைத்துவிட்டு மண்வெட்டியோடு பின்பக்கம் போனார். தான் பிடுங்கிய குழிகளிலேயே ஆறையும், மற்றவற்றைப் பக்கத்திலும் நட்டார். அப்புறம் படம் வரைகிற கையெழுத்தில் 'வெஜிடபிள்' என்று ஆங்கிலத்தில் பதினான்கு அட்டை எழுதி, செடிக்கு ஒன்றாகக் குத்தி வைத்தார்.

ஜூலையில், அந்த ஊர்க் குளிர்காலத்தில், மகள் பிறந்தாள். குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்று பின்கதவைத் திறந்து பார்த்தேன். பனியில் இலையெல்லாம் கருகி விழுந்து, பதினான்கு வெறும் குச்சிகள் அட்டைகளோடு நின்றன. நான் சொல்லும்வரை பிடுங்கக் கூடாது என்று அவர் அத்தனையையும் அப்படியே விட்டுவைத்திருந்தார்.