தக்காளி வரிசையில் குப்புறப் படுத்தவள்

மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டு தக்காளி வரிசைகளுக்கு நடுவே குப்புறப் படுத்திருக்கிறாள் மலர்விழி. புடவை மண்ணாவதைப் பற்றிக் கவலையில்லை. மூச்சுப் பட்டால் இலை ஆடும். இலை ஆடினால் படம் கலங்கிவிடும். மாரண்டஹள்ளி பஸ்ஸுக்கு அந்த வழியாகப் போகிறவர்கள் முதலில் யாரோ மயங்கி விழுந்துவிட்டதாகப் பதறினார்கள். இப்போது, "யக்கா, இன்னிக்கு என்னா ஆப்புட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு நடக்கிறார்கள்.

கேமரா என்று எதுவும் கிடையாது. ஓரம் உடைந்த போன்தான். கெட்டுப்போன டிவிடி பிளேயரைப் பிரித்து, உள்ளே இருந்த மிளகளவு லென்ஸைக் கொண்டை ஊசியில் செருகி, போன் கேமராவின் மேல் ஒட்டியிருக்கிறாள். முதலில் எடுத்தது கல் உப்பு. பிறகு கேழ்வரகு, தீக்குச்சித் தலை, தூங்கிக்கொண்டிருந்த கணவன் கோவிந்தனின் தாடை. "வெட்டுன கரும்புக் காடாட்டம் இருக்குதுங்க உங்க மூஞ்சி" என்று அவனிடமே காட்டினாள். இரண்டு நாள் அவன் பேசவில்லை. சவரம் மட்டும் செய்துகொண்டான்.

போன வாரம்தான் வம்பு தொடங்கியது. செடிகள் பூவெடுத்த நேரம். இலைக்கு அடியில், முடி போன்ற காம்புகளின் நுனியில், வெள்ளை வெள்ளையாக முட்டைகள். பூச்சிமருந்துக்கடை முருகேஷ் வந்து பார்த்தான்.

"புதுசா ஒரு பூச்சிக்கா. இன்னிக்கே மருந்தடிச்சுடுங்க. சுத்துப்பட்டுல எல்லாரும் அடிச்சாச்சு."

ஊரோடு ஒத்துப் போவதுதான் எப்போதும் கோவிந்தனின் கட்சி. கையோடு மருந்தை வாங்கிவிட்டான்.

"என்னா பூச்சின்னே தெரியாம எதுக்குங்க அடிக்கறது? அஞ்சு நாள் குடுங்க, பாத்துச் சொல்றேன்" என்றாள் மலர்விழி.

"காடு போயிடுச்சுன்னா?"

"இந்தப் போனை நானே கெணத்துல போட்டுடறேன். அப்பறம் இந்த வூட்டுல நான் வாயத் தொறந்தா கேளுங்க."

அரை ஏக்கர் தக்காளி. அது போனால், அவள் சொல்லுக்கு வீட்டில் இருக்கிற கொஞ்சநஞ்ச மதிப்பும் போனோடு கிணற்றுக்குள் போய்விடும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயந்துகொண்டேதான் தினமும் போய்ப் படுத்தாள்.

நான்காம் நாள் முட்டை பொரிந்தது. வெளியே வந்த புழுவின் வாயில் அரிவாள் மாதிரி இரண்டு கொம்புகள். இலையை அது தொடவேயில்லை. செடியின் சாற்றைக் குடித்துக் கொழுத்திருந்த அசுவினிப் பூச்சி ஒன்றைக் கவ்வி, உறிஞ்சித் தீர்த்து, வெறும் தோலை உதறியது. மலர்விழி படத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள்.

"நீ அடிக்கச் சொன்னது எங்க காட்டுக் காவக்காரனை, தம்பி."

"போட்டோவுல எல்லாம் பெருசாத்தான் தெரியும்க்கா" என்று சிரித்தான் முருகேஷ்.

"பெருசாத் தெரியணும்னுதான எடுக்கறேன்!"

கோவிந்தனும் மசியவில்லை. "படம் காட்டுனா தக்காளி காய்ச்சுடுமா?" என்றான். ஐந்தாம் நாள் காலை, மருந்து நிரப்பிய ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தான். அவள் முன்னமே அங்கே படுத்திருந்தாள். மருந்தடிப்பதென்றால் அவள் மேலும் சேர்த்துத்தான் அடிக்கவேண்டும்.

"எந்திரி."

அவள் திரும்பவில்லை. ஒரு கை மட்டும் உயர்ந்து, ஓரமாகப் போகச் சொல்லி ஆடியது.

"நெழலு வுழுதுங்க. நவுருங்க. புழு ரெண்டாவதைப் புடிச்சிருக்குது."

கோவிந்தன் நின்றான். முதுகில் மருந்து தளும்பியது. பிறகு ஓரடி நகர்ந்தான். இலைமேல் வெயில் விழுந்தது. மலர்விழி மூச்சை அடக்கினாள்.