மனுவில் ‘ஹியர்டுஃபோர்’ இல்லையாம்

நம் குப்பத்துப் படிப்பகத்துக்கு வருகிற எல்லோரும் படிக்கத்தான் இதை இந்தப் பலகையில் ஒட்டுகிறேன்.

இன்று மீன் விற்கும் செல்வி அக்காவும் நானும் குடிநீர்க் குழாய் கேட்டு மனு கொடுக்க, மாமல்லபுரத்தில் பஸ் ஏறி செங்கல்பட்டு ஆபீசுக்குப் போனோம். மனுவை நான்தான் தமிழில் டைப் அடித்திருந்தேன்.

கிளார்க் படிக்காமலே திருப்பித் தள்ளினார்.

“இன்னாம்மா இது? ஹியர்டுஃபோர் இல்ல, ஹியராஃப்டர் இல்ல. மனுன்னா அந்தக் காலத்து இங்கிலீஷ் ரெண்டு வார்த்தையாச்சும் வேணும்.”

“ரெண்டுக்கும் அர்த்தம் இன்னா சார்?” என்றேன் நான்.

“ரெண்டும் ஒண்ணுதான். ஒரு மரியாதைக்குப் போடுறது.”

“இல்ல சார். ஹியர்டுஃபோர்னா இதுவரிக்கும். ஹியராஃப்டர்னா இனிமே. இதுவரிக்கும் எங்களுக்குக் குழா இல்ல, இனிமே வேணும். அதத்தான் தமிழ்ல எழுதிகினு வந்துகீறோம்.”

“வெளிய போய் மாத்திக்கினு வா.”

“மாத்த மாட்டேன் சார்.”

செல்வி அக்கா கையோடு கொண்டுவந்திருந்த மீன்கூடையை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இறக்கிவைத்து, தானும் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கிளார்க் மூக்கைப் பொத்திக்கொண்டே மனுவில் முத்திரை குத்தினார். குழாய் எப்போது வரும் என்று மட்டும் சொல்லவில்லை.

யோசித்தால், இரண்டும் ஒன்று என்று அவர் சொன்னதும் சரிதான். நம் குழாய் விஷயத்தில் அந்த ஆபீசுக்கு இதுவரைக்கும் இனிமேலும் ஒன்றுதான்.

அப்படி விடுவதாக இல்லை. திங்கட்கிழமை மறுபடி போகிறோம். கூடையோடு யார் யார் வருகிறீர்கள்? கீழே பெயர் எழுதுங்கள்.