கொல்லிமலை ஏறும் வழியில் ஒரு பள்ளம்

2007 நவம்பர். சென்னையில் சதுப்பு நிலத்தை ஒட்டி ஒரு மனை பார்த்து, அட்வான்ஸ் கொடுக்கும் நிலையில் இருந்தோம். அதற்கு முன் அத்தாவை, அதாவது அப்பாவை, பார்க்க இரண்டு நாள் சொந்த ஊரான சேந்தமங்கலம் வந்தேன். வந்தவள் கொல்லிமலைக்குப் போகாமல் திரும்புவேனா?

காலை 8.20 பஸ்ஸைக் கோட்டைவிட்டேன். மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஜீப், போக வர அறுநூறு ரூபாய். டிரைவர் மலைமேல் இருக்கும் பைல் நாட்டுக்காரர். மொத்தம் எழுபது வளைவுகள். தலைசுற்றல் உள்ளவர்கள் எண்ணாமல் இருப்பது நல்லது.

நாற்பதைத் தாண்டியதும் மழை பிடித்தது. ஒரு சிறு பாலத்துக்கு முன் வண்டியை நிறுத்தினார்.

"பள்ளம் வந்துருச்சுங்க. வடியட்டும்."

எட்டிப் பார்த்தேன். "எங்கண்ணா பள்ளம்? ரோடு நல்லாத்தானே இருக்கு?"

"ஏனுங்க, நீங்க சேந்தமங்கலம்னுதானே சொன்னீங்க?"

வெட்கமாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பள்ளம் என்றால் ஓடை. பதினைந்து வருடச் சென்னை வாசம் அதை வெறும் குழியாக்கிவிட்டது. பாலத்தின் மேல் செந்தண்ணீர் புரண்டு போக, அரை மணி நேரம் காத்திருந்தோம். அப்போதுதான் மனை விற்பவர் சொன்னது நினைவுக்கு வந்தது: "கொஞ்சம் பள்ளம்தான் மேடம், நாலு லாரி மண் அடிச்சா சரியாயிடும்."

டிரைவரிடம் சொன்னேன்.

"மண்ணக் கொட்டுனா, அங்க வந்துட்டிருந்த தண்ணி எங்கீங்க போகும்?"

"கடலுக்குத்தான்."

"கடல் வாங்கிக்குமுங்களா?"

பூமி சூடாக ஆக, பெருமழை அடிக்கடி ஒரேயடியாகக் கொட்டும், கடல் மட்டமும் ஏறும் என்கிறார்கள். கடல் ஏறி நின்றால் கால்வாய்த் தண்ணீர் எளிதில் இறங்காது, ஊருக்குள்ளேயே தேங்கும். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வாடகை வீட்டில் கட்டில் மூழ்கியதை நான் மறக்கவில்லை. இதையெல்லாம் படித்திருந்தும் எனக்குக் கேட்கத் தோன்றாததை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். பெருமையாக இருந்தது. அவரை நினைத்தும், தண்ணீர் போகும் வழிக்குத் தனிப்பெயர் வைத்திருக்கும் எங்கள் பேச்சை நினைத்தும்.

மழைக்காலத்தில் போகிறவர்கள் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். டிரைவர் நிறுத்தினால் அவசரப்படுத்தாதீர்கள். மனை பார்க்கப் போகிறவர்களும் "பள்ளம்" என்று காதில் விழுந்தால் அங்கேயே நில்லுங்கள்.

நான் நின்றுவிட்டேன். 11.15-க்கு மலைமேல் செம்மேட்டில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கணவரை அழைத்தேன். அவர் பிறந்து வளர்ந்தது சென்னையில். அட்வான்ஸ் வேண்டாம் என்றேன்.

"ஏன்?"

"அது பள்ளம்."

"தெரிஞ்சதுதானே? மண் அடிச்சிடலாம்."

"நீங்க சொல்ற பள்ளம் இல்லீங்க," என்றேன். "எங்க ஊர்ப் பள்ளம்."