ஸ்பிரிங்கா, சிப்பா

2007 ஜனவரியில் நானும் நண்பரும் ஒரு ரிவேர்ப் பெட்டி செய்யத் தீர்மானித்தோம். கிட்டாரின் ஒலிக்குப் பெரிய மண்டபத்தின் எதிரொலியைச் சேர்த்துத் தரும், காலால் அழுத்தி இயக்கும் சிறிய கருவி அது. அவர் யாழ்ப்பாணத்தவர், மாத்தளையில் அரசாங்க அலுவலகமொன்றில் வேலை. நான் தோட்டத்தில் பிறந்தவன். பலாபத்வலையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் களஞ்சியத்தில் எழுதுவினைஞர். ஞாயிறு பிற்பகல்களில் அவர் வீட்டில் வாசிப்போம். தாழ்ந்த கூரையின் கீழ் ஒலி பலகையைத் தட்டியது போல் செத்து விழும்.

இன்டர்நெட் கடையில் அச்செடுத்த இரண்டு வரைபடங்கள் கையில் இருந்தன. ஒன்றில் நீண்ட ஸ்பிரிங்குகளைத் தகரத் தட்டில் கட்ட வேண்டும். ஒலி அவற்றில் அதிர்ந்து திரும்பும். மற்றதில் ஒலியைச் சற்றுத் தாமதித்து விடும் இரண்டு சிப்புகள். நண்பர் முதலாவதையே கேட்டார்.

"ஸ்பிரிங்கே காணும். செக்கிங்கில மறிச்சா தட்டிக் காட்டலாம். சிப்பை என்னெண்டு காட்டுறது?"

நான் சிரித்தேன். ஸ்பிரிங் இரைச்சலை இழுக்கும், பக்கத்தில் யாராவது நடந்தாலே இடி போல் உறுமும் என்று வாசித்ததையெல்லாம் அடுக்கினேன். அவர் விட்டுக்கொடுத்தார்.

படத்தைப் புதிதாக நானே வரைந்தேன். பற்றரி, சுவிட்ச், 'தாமதம் 300 மில்லிசெக்கன்' எல்லாம் தெளிவாக. எதை எழுதினாலும் திகதியும் நேரமும் குறிப்பது என் பழக்கம். வேலை முடிய வேண்டிய நாளைக் கீழே எழுதினேன்: பெப்ரவரி 4, பிற்பகல் 3 மணி. சுதந்திர தினம், இருவருக்கும் விடுமுறை. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் சிப் வாங்கக் கொழும்புக்குப் போனார். சாமான் பட்டியல் போதும் என்றார். கடைக்காரர் மாற்று உதிரி சொல்ல உதவும் என்று முழுப்படத்தையும் நான்தான் அவர் சட்டைப் பையில் வைத்தேன். திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். சிப், பற்றரி, வயர், சுதந்திர தினத் திகதியோடு தமிழில் எழுதிய அந்தத் தாள்: குண்டுக்கான திட்டம் என்று பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஐந்தாம் நாள் அவரைப் பார்க்க மனைவியை விட்டார்கள். அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தார், உட்காரவில்லை.

"தான்தான் எழுதினது எண்டு சொல்லிப்போட்டாராம். உங்கட பேரை எடுக்கேல்ல. நீங்க என்ன செய்யப் போறியள், அண்ணா?"

"நாளைக்கு வந்து சொல்றேம்மா" என்றேன்.

நண்பரைக் காப்பாற்றக்கூடிய சாட்சி என் அலுமாரியில் இருந்தது. பத்தொன்பது நாட்குறிப்புக் கொப்பிகள், அவரும் பார்த்தவை. மழை, பஸ் தாமதம், மிளகு விலை, பல்லுப் பிடுங்கிய நாள் வரை நேரத்தோடு எழுதியிருந்தேன். எல்லாவற்றுக்கும் திகதி போடும் ஒரு பைத்தியக்காரன் வரைந்த படம் இது என்று எந்த அதிகாரிக்கும் காட்டலாம். எடுத்துப் புரட்டினேன். எந்த நாள் எந்த வீதி மூடப்பட்டது என்றும் அவற்றில் இருந்தது. களஞ்சியம் ஏ9 வீதியோரம். மேசையிலிருந்து பார்த்தால் வீதி தெரியும். எத்தனை இராணுவ லொறிகள் வடக்கே போயின, எத்தனை மணிக்கு என்றும் இருந்தது.

அன்று மாலையே கிணற்றடியில் வைத்து எரித்தேன். தடித்த அட்டைகள் எரிய நேரமெடுத்தன. மறுநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

பதினொரு மாதங்களுக்குப் பிறகு வழக்கு எதுவும் போடாமல் அவரை விட்டார்கள். ஒரு பிற்பகல் வந்தார். இடது கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தேன். வெறுமையாய்க் கிடந்த அலுமாரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொப்பியள்?"

"எரிச்சுட்டேங்க."

தலையசைத்தார்.

"கொண்டு வருவியள் எண்டு முதல் கிழமை முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தன்" என்றார். குரலில் கோபம் இல்லை. தேத்தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தார். கோப்பையை வலது கையால் மேசையில் வைத்துவிட்டு, நாலரை மணி பஸ்ஸுக்கு எழுந்து போனார்.